படியா, மாதச் சம்பளமா? லாரி, கிடங்கு வேலை குறித்து வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் லாரி, டிரெய்லர், கிடங்கு வேலைகளைச் சுற்றியவை. ஓட்டுகிறவர், ஓட்டச் சொல்கிறவர், வீட்டில் காத்திருக்கிறவர் என்று எல்லாத் தரப்பும் எழுதியிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

பத்து சக்கர லாரி ஓட்டுகிறேன். டெல்லி பக்கம் லோடு. டிரிப்புக்கு 16,000 ரூபாய் கைக்கு வரும், சாப்பாடு என் செலவு. ஓசூரில் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் மாதம் 22,000 சம்பளம், வண்டியில் இருக்கும் நாளுக்கு 300 ரூபாய் படி, பி.எஃப். உண்டு என்று கூப்பிடுகிறார்கள். 'மாசம் ரெண்டு டிரிப் அடிச்சா 32,000, அதை விட்டுட்டுப் போறியே' என்கிறார்கள் கூட இருப்பவர்கள். எது மேல்?
டிரைவர், சங்ககிரி

அந்த 32,000 காகிதத்தில் மட்டும் இருக்கும் பணம். டிரிப்புக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து அடுத்த முறை கிளம்பும் நாள் வரை எத்தனை நாள் என்று எண்ணுங்கள்.

ஒற்றை டிரைவர் நாளுக்கு 450 முதல் 500 கிலோமீட்டர் ஓட்டினால் டெல்லிக்குப் போக ஐந்து, வர ஐந்து நாள். மிச்ச நாளெல்லாம் ஏற்ற, இறக்க, ரிட்டன் லோடுக்குக் காத்திருக்கத்தான். டிரிப் 14 நாளில் முடிந்து 3 நாள் வீட்டில் இருந்தால், 17 நாளுக்கு 16,000. சாப்பாடு, டீ, குளியலுக்கு நாளுக்கு 350 ரூபாய் என்று போட்டால் 4,900 போய்விடும். மிச்சம் 11,100. மாதக் கணக்குக்கு மாற்றினால் சுமார் 19,600. இதுவே ரிட்டன் லோடு கிடைக்காமல் 20 நாள் இழுத்தால், 7,000 சாப்பாட்டுக்குப் போய் 23 நாளுக்கு 9,000 தான் நிற்கும். மாதத்துக்கு 11,700. வாடகை குறையவில்லை, ஓனர் ஏமாற்றவில்லை. காத்திருந்த ஆறு நாள்தான் உங்கள் பணத்தைத் தின்றது.

ஓசூர்க் கணக்கு: 26 நாள் வேலைக்கு 22,000 சம்பளமும் 7,800 படியும். சாப்பாட்டுக்கு 9,100 போக 20,700. பி.எஃப். 15,000 ரூபாய் மீது பிடித்தால் 1,800 குறைந்து கையில் 18,900 நிற்கும். அந்த 1,800 உங்கள் சேமிப்பு, கம்பெனியும் தன் பங்காக அதே அளவு கட்டும். ஆக நல்ல டிரிப்போடு ஒப்பிட்டால் இரண்டும் சமம், மோசமான டிரிப்போடு ஒப்பிட்டால் ஓசூர் எங்கேயோ மேலே. காத்திருக்கும் நாளின் நஷ்டத்தை அங்கே கம்பெனி சுமக்கிறது, இங்கே நீங்கள் சுமக்கிறீர்கள். எங்கள் ஓட்டு ஓசூருக்கு.

ஆனால் சேரும் முன் சிலவற்றை வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். லோடில் குறைவு வந்தால் யார் கணக்கு? டயர் வெடித்தால் பிடித்தமா? ஓவர்லோடு அபராதம் யார் கட்டுவது? 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அடிப்படை அபராதமே 20,000 ரூபாய், மேற்கொண்டு கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஏற்றச் சொன்னவர் ஒருவர், கட்டுகிறவர் ஒருவர் என்றால் அந்தக் கம்பெனி வேண்டாம். இன்னொன்று: ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பள வரம்பு 21,000. உங்கள் 22,000 அதைத் தாண்டுவதால் ஈ.எஸ்.ஐ. கிடைக்காது. பதிலுக்குக் குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். ஆயிரம் ரூபாய் கூடுதல் சம்பளத்துக்காக மருத்துவமனைச் செலவைத் தலையில் ஏற்றிக்கொண்டவர்கள் நிறைய.

இரண்டு லாரி இருக்கிறது. ஒன்று டிரைவர் இல்லாமல் பெட்ரோல் பங்கில் நிற்கிறது. வாடகையில் நல்ல சதவீதம் தருகிறேன், அட்வான்ஸும் தருகிறேன். இரண்டு டிரிப்புக்கு மேல் யாரும் நிற்பதில்லை. இந்தத் தலைமுறைக்கு உழைக்க மனசில்லையா?
லாரி ஓனர், திருச்செங்கோடு

தலைமுறை மேல் பழி வேண்டாம். டிரைவர் உருவாகும் வழியே அடைபட்டுவிட்டது. முன்பு கிளீனராக ஏறுகிற பையன் மூன்று நான்கு வருடத்தில் கயிறு கட்ட, டயர் கழற்ற, நடுநிசியில் வண்டி பிடிக்கக் கற்று ஸ்டீயரிங்குக்கு வந்துவிடுவான். செலவைக் குறைக்கிறோம் என்று கிளீனரை எடுத்தோம். கிளீனர் போனதோடு அடுத்த டிரைவரும் போனார். இருக்கிற டிரைவருக்கோ தார்ப்பாய் கட்டுவது முதல் இரவில் டீசல் டேங்க்கைக் காவல் காப்பது வரை எல்லாம் ஒற்றை ஆள் வேலை.

உங்களிடம் ஆள் நிற்காததற்குச் சதவீதம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சங்ககிரி வாசகருக்குச் சொன்ன கணக்கை உங்கள் டிரைவரும் மனதில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். முதலில் ஹால்டிங்கை, அதாவது வண்டி காத்துக் கிடக்கும் நாளுக்கான கூலியைச் சரிசெய்யுங்கள். லோடு தரும் பார்ட்டியோடு பேசும்போதே, வண்டி இடம் சேர்ந்து 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் நாளுக்கு இவ்வளவு ஹால்டிங் என்று எல்.ஆரில் (லாரி ரசீதில்) எழுதுங்கள். வண்டி போய்ச் சேர்ந்த நேரம், கேட் உள்ளே போன நேரம் இரண்டையும் டிரைவர் போனில் படமெடுத்து அனுப்பட்டும். அது இல்லாமல் பார்ட்டி ஒருநாளும் தரமாட்டார். வருகிற ஹால்டிங்கில் டிரைவர் பங்கைத் தனியாக, முதலிலேயே கொடுங்கள். பார்ட்டி தராத டிரிப்பிலும் நீங்கள் ஒரு தொகை கொடுங்கள். நாளுக்கு 400 ரூபாய் கொடுத்தால்கூட, பங்கில் நிற்கும் வண்டிக்கு நாளுக்கு விழும் தவணையைவிட அது சின்னப் பணம்.

அடுத்தது வீட்டு நாள். 'முடிஞ்சா வா' என்பது லீவு ஆகாது. கிளம்பும்போதே எந்தத் தேதிக்கு வீடு என்று சொல்லுங்கள். அந்தத் தேதிக்கு லோடு இழுத்தால் மாற்று டிரைவரை அனுப்புங்கள். அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பதாயிரம் அட்வான்ஸில் ஆளைக் கட்டிப்போட்டுவிடலாம் என்று நினைத்தால், மனசில்லாமல் ஓட்டும் ஒருவரிடம் முப்பது லட்ச ரூபாய் வண்டியைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். டிரிப் முடிந்த மூன்றாம் நாள் கணக்கு முடித்து வங்கியில் போடுகிற ஓனரைத் தேடித்தான் ஆள் வருகிறது.

கேபினையும் பாருங்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். உங்கள் பழைய வண்டியை மாற்றச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் மே மாதம் நாக்பூரில் நின்று பார்த்த டிரைவர் அடுத்த முறை ஏ.சி. வண்டிக்குத்தான் போவார். பட்டறையில் பாடி கட்டும்போதே நல்ல படுக்கை, 24 வோல்ட் ஃபேன், கொசுவலை மாட்ட இடம், போன் சார்ஜர் இவ்வளவாவது செய்யுங்கள்.

நேரக் கணக்கும் உண்டு. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வு என்று வைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அது போய்விட்டாலும் 8 மணி என்ற அளவு மாறவில்லை. 'நாளைக்குக் காலை ஆறுக்கு இறக்கணும்' என்று நீங்கள் போனில் சொல்லும்போது இந்த அளவுக்குள் அது முடியுமா என்று கிலோமீட்டரை வகுத்துப் பாருங்கள்.

கடைசியாக இன்சூரன்ஸ். ஓனர்-டிரைவருக்கான 15 லட்ச விபத்துக் காப்பீடு சம்பள டிரைவருக்கும் சேரும் என்று பல ஓனர்கள் நம்புகிறார்கள். சேராது. அது லைசென்ஸ் வைத்திருக்கும் ஓனருக்கு மட்டும். டிரைவருக்குப் பாலிசியில் 'சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்பு' என்ற வரி இருக்க வேண்டும், பிரீமியம் தலைக்கு 50 ரூபாய்தான். டபுள் டிரைவர் அனுப்பினால் இருவருக்கும் கட்டியிருக்கிறதா பாருங்கள். ஒருவருக்கு மட்டும் கட்டி, விபத்தில் அடுத்தவர் சிக்கினால் இழப்பீடு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

பிளஸ் டூ முடித்தேன். வயது 19. ஹெவி லைசென்ஸ் எடுக்க என்ன வழி? எட்டாவது தேறிய சான்று கேட்பார்களா?
வாசகர், ஆத்தூர்

படிப்பு நிபந்தனையை 2019இலேயே எடுத்துவிட்டார்கள். வயதுதான் உங்களுக்குத் தடை. சரக்கு வண்டி, வாடகை வண்டி எதையும் பொது ரோட்டில் ஓட்ட 20 முடிந்திருக்க வேண்டும். இப்போதே கார் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அது கையில் ஒரு வருடம் இருந்தால்தான் கனரக எல்.எல்.ஆர். கிடைக்கும். பிறகு பரிவாகன் தளத்தின் சாரதி பகுதியில் விண்ணப்பம், டாக்டரிடம் படிவம் 1ஏ, பயிற்சிப் பள்ளியிடம் படிவம் 5. எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் கழித்து டெஸ்ட், ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். கனரக லைசென்ஸ் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. முன்போல ஒரு மாத சலுகைக் காலம் இப்போது இல்லை. முடிந்த மறுநாள் ஓட்டினாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு.

20 முடிந்ததும் முதல் வருடம் சின்ன யானை, மினி லாரி ஓட்டிப் பழகுங்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்குக் கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். தெருமுனைப் பள்ளிகளில் காலி லாரியில் எட்டுப் போடக் கற்றுத் தருவார்கள். வேலை கொடுப்பவர் கேட்பது லோடு வண்டியை. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையமும், நாமக்கல்லில் அசோக் லேலண்டின் டிரைவர் பயிற்சி மையமும் உண்டு. அங்கே செலவழிக்கும் நாள் வீணாகாது.

இரண்டு விஷயத்தில் தெளிவு இருந்தால் டிரையல் எடுக்கும் மேனேஜரிடம் நிற்கலாம். ஒன்று, இறக்கம். தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கியரிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்றைய எஞ்சின் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் போகும், மிச்சம் என்பதே பொய். முழுச் சுமையையும் பிரேக் தாங்குவதால் டிரம் சூடேறி லைனிங் பிடியை இழக்கும், பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ அதே கியரில், எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகம் குறைக்கும் பிரேக்) போட்டு இறங்க வேண்டும். கியரை உச்சியிலேயே போட்டுவிட வேண்டும், பாதி இறக்கத்தில் குறைக்கப் போனால் விழாது. இரண்டு, பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு வண்டியின் யூரியாக் கரைசல். 32.5 சதவீத யூரியா கலந்த அந்தத் திரவம் டீசலில் நூற்றுக்கு நான்கு ஐந்து லிட்டர் அளவில் செலவாகும். மலிவு என்று ரோட்டோரக் கேனை ஊற்றினால் உப்புப் படிந்து நாசில் அடைக்கும், விளக்கு எரியும், கொஞ்ச தூரத்தில் எஞ்சின் இழுவை தானாகக் குறைந்துவிடும். மேட்டில் வண்டி ஏறாது. டேங்க் மாறி டீசலில் இதை ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது.

கேஸ் டேங்கருக்கு மாற ஆசை. தனி லைசென்ஸா?
டிரைவர், நாமக்கல்

தனி லைசென்ஸ் இல்லை, இருக்கும் கனரக லைசென்ஸில் அபாயகரப் பொருள் என்ற மேற்குறிப்பு. அங்கீகாரம் பெற்ற மையத்தில் 3 நாள் பயிற்சி முடித்து, சான்றோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிய வேண்டும். இதன் செல்லுபடி 3 வருடம், புதுப்பிக்க ஒரு நாள் பயிற்சி. அந்தத் தேதி லைசென்ஸின் 5 வருடத் தேதியோடு ஒத்துப்போகாது, பலரும் மாட்டுவது இங்கேதான். பயிற்சியைக் காகிதத்துக்காக முடிக்காதீர்கள். வண்டியில் இருக்கும் அவசரக்கால அட்டையைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியவேண்டும். 'புல்லட்' என்கிற கேஸ் டேங்கில் முழுக்க நிரப்பாமல் ஆவிக்கு இடம் விடுவதால் உள்ளே திரவம் அலையும், வளைவில் வண்டியைச் சாய்க்கும். சாதா லாரி வேகத்தில் ரவுண்டானா திரும்பக் கூடாது. காத்திருப்பு இங்கேயும் உண்டு. பிளாண்ட் வாசலில் வரிசை நாள்கணக்கில் போகலாம், அதனால் படியை நாளுக்கா டிரிப்புக்கா என்று முதலிலேயே பேசுங்கள்.

கணவர் பதினைந்து வருட டிரைவர். சர்க்கரை இருக்கிறது, முதுகுவலியும். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஓட்டுகிறார். வேலையை விடச் சொல்லவும் முடியவில்லை.
வாசகி, பரமத்தி வேலூர்

வேலையை விட வேண்டியதில்லை அம்மா, ஆனால் நீங்கள் எழுதியதில் 'மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல்' என்பதுதான் உயிருக்கு ஆபத்தான இடம். இன்சுலினும் கிளிமெபிரைடு போன்ற சில மாத்திரைகளும் சாப்பாடு தவறினால் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். கை நடுக்கம், வியர்வை, கண் மங்கல் வந்த சில நிமிடத்தில் வண்டி லேன் மாறும். டாக்டரிடம் போகும்போது 'இவர் லாரி ஓட்டுகிறார், சாப்பாட்டு நேரம் நிலையில்லை' என்று சொல்லிக் கேளுங்கள். தாழ்வை உண்டாக்காத மாத்திரைகள் உண்டு, எது பொருந்தும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கேபினில் குளுக்கோமீட்டர், குளுக்கோஸ் பாக்கெட், வறுத்த கடலை எப்போதும் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் ஓரங்கட்டி, குளுக்கோஸ் குடித்து, அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரம் கழித்தே வண்டி எடுக்க வேண்டும். வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனையும், பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்ற சோதனையும் அவசியம். பாதம் மரத்தால் பிரேக் மிதிப்பது தெரியாது.

முதுகுக்கு முதலில் சீட். கிளட்சை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட் முன்னே வர வேண்டும். சஸ்பென்ஷன் சீட் என்றால் எடைத் திருகை அவர் எடைக்கு வைக்க வேண்டும், பலர் அதைத் தொடுவதே இல்லை. பின்பாக்கெட்டில் பர்ஸ் வேண்டாம். கேபினிலிருந்து குதிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் அதிர்வில் இருந்த தண்டுவடத்துக்கு அந்தக் குதிப்பு போதும். வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் வண்டியில் பதிந்திருக்கும்படி இறங்க வேண்டும். விடியற்காலை 2 முதல் 5 வரை ஓட்டாமல் இருந்தாலே ஆபத்து நன்றாகக் குறையும்.

அவரைத் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? 60 வயதுக்குள் பதிய வேண்டும். பிள்ளைகள் படிப்புக்கும், விபத்துக்கும், பின்னாளில் ஓய்வூதியத்துக்கும் அது உதவும். வங்கியில் வருடம் 20 ரூபாயில் 2 லட்ச விபத்துக் காப்பீடும் எடுத்து வையுங்கள். ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருந்தால்தான் அது தொடரும்.

ஒரகடத்தில் ஒரு கிடங்கில் பிக்கிங் (ஆர்டருக்குப் பொருள் எடுத்துக் கொடுக்கும்) வேலை. காண்டிராக்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. இதில் மேலே போக முடியுமா?
வாசகி, வாலாஜாபாத்

முடியும், ஆனால் பிக்கிங்கில் வேகம் காட்டினால் இன்னும் வேகமான பிக்கர் ஆவீர்கள், அவ்வளவுதான். மேலே போகிறவர்கள் கணக்குப் பக்கம் திரும்புகிறார்கள். ஸ்கேனர் காட்டும் எண்ணுக்கும் ரேக்கில் இருக்கும் எண்ணுக்கும் வித்தியாசம் ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்கிறவர்தான் இன்வென்ட்ரிக்குப் போவார். பெட்டி கணக்கும் பீஸ் கணக்கும் குழம்புவது, திரும்பி வந்த பொருளை ஸ்கேன் செய்யாமல் ரேக்கில் வைப்பது, பக்கத்து பின்னில் (ரேக் தட்டின் பிரிவில்) போடுவது என்று பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கும். சைக்கிள் கவுன்ட்டில் (சரக்கைப் பகுதி பகுதியாக எண்ணிச் சரிபார்ப்பதில்) ஆள் கேட்கும்போது கை தூக்குங்கள், எக்செல் கற்றுக்கொள்ளுங்கள். உயர ரேக்கில் சரக்கு ஏற்றி இறக்கும் ரீச் டிரக் வண்டிக்குப் பயிற்சி தந்தால் விடாதீர்கள்.

காண்டிராக்ட் மாறும்போதெல்லாம் பி.எஃப்.புக்கான பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள். புது எண் போட்டுவிட்டால் சேவைக் காலம் துண்டாகிவிடும், பி.எஃப். பென்ஷனுக்குத் தேவையான 10 வருடம் சேராது. பழைய காண்டிராக்டர் விலகிய தேதியைப் பதிந்தாரா என்றும் பாருங்கள், பதியாவிட்டால் பணம் மாற்றுவது இழுக்கும். ஈ.எஸ்.ஐ.யில் உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான். பிரசவ விடுப்புக்கான 26 வாரச் சம்பளம் வாங்க, அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளாவது சந்தா ஏறியிருக்க வேண்டும். பேஸ்லிப்பில் பிடித்தம் காட்டி, கட்டாமல் விடும் காண்டிராக்டர்களும் உண்டு. மாதம் ஒருமுறை போனில் பாஸ்புக்கைப் பார்த்துவிடுங்கள்.

சவுதிக்கு ஹெவி டிரைவர் என்று ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். போகலாமா?
டிரைவர், பெரம்பலூர்

அந்தத் தொகைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அவர் உரிமம் அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விசாவில் வேலை என்னவென்று அரபி தெரிந்தவரிடம் படித்துக் கேளுங்கள். ஹெவி டிரைவர் என்று பேசி, 'ஹவுஸ் டிரைவர்' விசா கையில் கொடுப்பது பழைய வித்தை. வீட்டு வேலைக்காரர் வகையில் வரும் அந்த விசாவுக்கு அங்கே பொதுத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது. விசிட் விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்றால் பேச்சையே முடித்துக்கொள்ளுங்கள். பத்தாவது தேறாமல் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். இருந்தால் குடிபெயர்வு அனுமதி கட்டாயம், அதோடு வரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு 10 லட்சத்துக்கு.

விபத்து நடந்தால் டிரைவருக்குப் பத்து வருடம் ஜெயில் என்கிறார்களே, அமலில் இருக்கிறதா?
டிரைவர், கரூர்

இடித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடிவிட்டால் பத்து வருடம் வரை என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2). 2024 ஜனவரியில் டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் இதற்காகத்தான். அந்த ஜூலை 1 அன்று புதுச் சட்டம் வந்தபோது இந்த உட்பிரிவை மட்டும் நடைமுறைப்படுத்தாமல் நிறுத்திவைத்தார்கள். 106(1) அமலில் இருக்கிறது, கவனக்குறைவால் மரணம் என்றால் ஐந்து வருடம் வரை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவும் உண்டு: அடிபட்டவரை மருத்துவமனை சேர்ப்பது, போலீஸில் 24 மணி நேரத்துக்குள் சொல்வது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பது. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் இடத்தை விட்டு விலகச் சட்டமே இடம் தருகிறது. அப்போது வண்டியை விட்டுவிட்டு 108க்கும் 112க்கும் போன் போட்டு, நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் உட்காருங்கள். போன் போட்ட நேரம் உங்கள் மொபைலிலேயே பதிவாகியிருக்கும், அந்தப் பட்டியலை அழிக்காதீர்கள்.